பைடோவாவில் முதல் தடவை காசு உதவி வேலைக்குப் போகிறவர்களுக்கு: பட்டியல் தொடங்கி காசு கையில் சேரும்வரை

போன மூன்று மாதத்தில் நான்கு பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். சோமாலியாவில் பைடோவா என்ற ஊரில் வேலை கிடைத்திருக்கிறது, வறட்சியாலும் சண்டையாலும் இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களுக்கு மாதாமாதம் காசு கொடுக்கும் திட்டம், எங்கிருந்து தொடங்குவது? நான்கு பேருமே வவுனியா, மட்டக்களப்புப் பக்கம் நிவாரண வேலை பார்த்தவர்கள். நானும் அப்படிப் போனவள்தான், முதல் ஆறு மாதம் தடுமாறித் தடுமாறித்தான் படித்தேன். அந்த ஆறு மாதத் தடுமாற்றத்தில் என்னைவிட அதிகம் இழந்தது பட்டியலில் வராமல் போன குடும்பங்கள். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் இடம்பெயர்ந்த சனத்துக்கு ஏதாவது கொடுப்பதென்றால் கிராம சேவகரிடம் போவோம், அவரிடம் ஒரு பட்டியல் இருக்கும், குடும்ப அட்டை இருக்கும், அடையாள அட்டை இலக்கம் இருக்கும். பைடோவாவில் இவை எதுவும் இல்லை. ஆனால் பட்டியலை நீட்டுகிற கைகள் நிறைய இருக்கும். அந்தப் பட்டியலை வாங்கிக்கொண்டு காசு அனுப்பினால் வேலை இரண்டு வாரத்தில் முடிந்துவிடும், அறிக்கையும் அழகாக வரும், காசு போகவேண்டிய ஆட்களுக்கு மட்டும் போகாது. கீழே சொல்வதில் முக்கால்வாசி அதைத் தவிர்ப்பது பற்றித்தான்.

1. கிளம்புமுன் முடிக்கவேண்டிய கடதாசி வேலை

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்னால் போட்டால்தான் அட்டை செல்லும். கொழும்பில் பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் போடலாம், சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடலாம். குறிப்பிட்ட கிழமைகளில்தான் போடுவார்கள், முதலே கேட்டுவிட்டுப் போங்கள். இப்போதைய விதிப்படி ஒரு தடவை போட்டால் அந்த அட்டை ஆயுள் முழுக்கச் செல்லும். போகும்போது யாரும் கேட்கவில்லை என்று அட்டையைத் தூக்கி எங்கேயாவது வைத்துவிடாதீர்கள், கென்யா வழியாகத் திரும்பி வரும்போதுதான் கேட்பார்கள். இந்தியாவுக்குள் அட்டை இல்லாமல் இறங்கினால் 6 நாள்வரை தனிமையில் வைக்கலாம்.

விசா. நைரோபி வழியாகத்தான் அநேகமாகப் போவீர்கள். கென்யாவில் 2024 ஜனவரியிலிருந்து விசாவுக்குப் பதிலாக இணைய வழி முன் அனுமதி. சோமாலியாவும் 2025 செப்டம்பரிலிருந்து இணைய விசாவுக்கு மாறிவிட்டது. இரண்டுக்கும் கட்டணம் டொலரில், வங்கி அட்டையில்தான் கட்ட வேண்டும். உங்கள் அட்டையில் வெளிநாட்டுக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாதுகாப்புப் பயிற்சி. பிசேஃப் என்ற ஐநா இணையப் பயிற்சி இலவசம், ஒரு பகலில் முடித்துவிடலாம். ஐநா நிறுவனத்தில் சேருகிறீர்கள் என்றால் அந்தச் சான்றிதழ் இல்லாமல் பயண அனுமதியே வராது. இன்னொன்று எஸ்சேஃப், நேரில் சில நாள் நடக்கும் பயிற்சி, காயத்துக்குக் கட்டுப்போடுவது தொடங்கி வெடிச்சத்தம் கேட்டால் என்ன செய்வது வரைக்கும். அதில் இடம் கிடைக்க வாரக்கணக்கில் ஆகலாம். ஒப்பந்தம் கையெழுத்தான அன்றே பெயர் கொடுங்கள், இல்லாவிட்டால் நைரோபியில் சும்மா இருந்து சம்பளத்தைச் செலவழிப்பீர்கள்.

காப்புறுதி. பொதுவான பயணக் காப்புறுதிகளில் யுத்தம் நடக்கும் இடம் என்றால் பணம் கிடைக்காது என்று உள்ளே சின்ன எழுத்தில் இருக்கும். நிறுவனம் எடுத்துத் தருகிற காப்புறுதியில் மருத்துவ விமானம் அடங்குமா, குண்டுவெடிப்பு அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சின்ன நிறுவனங்கள் இதைக் கேட்டால் கொஞ்சம் முகம் சுளிக்கும், பரவாயில்லை, கேளுங்கள்.

கையில் டொலர் கொண்டுபோங்கள், 1, 5, 10 டொலர் நோட்டுகள் நிறைய. பழையதும் கசங்கியதும் கிழிந்ததும் வாங்கமாட்டார்கள். பைடோவாவுக்குத் தரைவழி கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஊரைச் சுற்றியுள்ள வீதிகள் பல அல்ஷபாப் என்ற ஆயுதக் குழுவின் கையில். ஐநாவின் மனிதநேய விமான சேவையில்தான் போவீர்கள், பொதி எடைக்கு வரம்பு உண்டு, விமானம் ரத்தாவது சாதாரணம். வந்து இறங்கும் நாளுக்கு அடுத்த நாளே கூட்டம் வைத்துக்கொள்ளாதீர்கள்.

2. முதல் வாரம் யாரைப் பார்ப்பது

நான்கு கதவு. வரிசையும் முக்கியம்.

கைத்தொலைபேசி நிறுவனம் முதலில். தென் சோமாலியாவில் காசு கொடுப்பதென்றால் நோட்டாகக் கொடுப்பதில்லை, ஹோர்முட் நிறுவனத்தின் ஈவிசி பிளஸ் என்ற கைத்தொலைபேசிப் பணச் சேவை வழியாகத் தொலைபேசிக்கே டொலராகப் போகும். தேநீர்க் கடையிலிருந்து தண்ணி விற்கிறவர் வரைக்கும் அதில்தான் வாங்குகிறார்கள். நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட, கட்டணம் எத்தனை வீதம் என்று பேச, உங்கள் தலைமையகம் அதைப் பார்த்துச் சரி சொல்ல என்று இழுத்துக்கொண்டே போகும். என் முதல் திட்டத்தில் பதிவை முடித்துவிட்டு ஒப்பந்தத்துக்குப் போனேன். இரண்டு மாதம் காசு அனுப்ப முடியவில்லை. அதற்குள் பல குடும்பங்கள் அந்த இடத்திலேயே இல்லை. முதல் நாளே தொடங்கவேண்டியது இதுதான்.

அடுத்தது காசு உதவி செய்கிற நிறுவனங்களின் ஒருங்கிணைப்புக் குழு. ஒரு குடும்பத்துக்கு மாதம் எவ்வளவு என்பதை நீங்களாகத் தீர்மானிக்கக் கூடாது. ஒவ்வொரு பிரதேசத்துக்கும் ஒரு குடும்பத்தின் குறைந்தபட்சச் செலவைக் கணக்குப் போட்டு, அதில் இவ்வளவு பங்கு என்று இந்தக் குழுதான் தொகை சொல்லும், குடும்பத்துக்கு ஆறு பேர் என்பது பொதுக் கணக்கு. சந்தை விலை ஏறி இறங்க அதுவும் மாறும், திட்ட முன்மொழிவில் எழுதிய பழைய தொகையைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். ஒரு முகாமில் நீங்கள் அதிகமாகவும் பக்கத்து முகாமில் வேறொருவர் குறைவாகவும் கொடுத்தால் அடுத்த கிழமையே சனம் கொட்டிலைப் பிடுங்கிக்கொண்டு இங்கே வரும், அவர்கள் மேல் பிழை சொல்லவும் முடியாது.

மூன்றாவது முகாம் ஒருங்கிணைப்புக் குழு. எந்த முகாம் எங்கே, எத்தனை குடும்பம், போன வாரம் புதிதாக யார் வந்தார்கள் என்ற தகவல் இவர்களிடம் இருக்கும். நான்காவது உள்ளூர் நிர்வாகம், தென்மேற்கு மாநிலம், மாவட்டம் இரண்டும். அனுமதிக் கடிதம் வாங்குங்கள், மரியாதையோடு பேசுங்கள், தேநீர் குடியுங்கள். அங்கே ஒரு பட்டியல் தந்தால் நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள், "இந்த இடங்களையும் போய்ப் பார்க்கிறோம்" என்று மட்டும் சொல்லுங்கள். இதில் இருக்கிற எல்லாருக்கும் கொடுப்போம் என்று வாய்தவறியும் சொல்லிவிடாதீர்கள்.

3. எந்த முகாமுக்குப் போவது

பைடோவாவைச் சுற்றி 500-க்கு மேல் முகாம்கள். முகாம் என்றதும் வவுனியாவிலிருந்த செட்டிகுளம் முகாம் மாதிரி வேலி போட்டு வரிசையாகக் கொட்டில் இருக்கும் என்று நினைக்காதீர்கள். ஒரு தனியார் காணியில் முப்பது பூல், பக்கத்துக் காணியில் நூறு பூல், அப்படிச் சிதறிக் கிடக்கும். பூல் என்பது வளைந்த குச்சிகளின் மேல் பழைய துணி, சாக்கு, தறப்பாள் கட்டிய குடிசை. ஆள் நிமிர்ந்து நிற்க முடியாது.

பெரிய வீதிக்குப் பக்கத்திலுள்ள முகாம்களில் நாலைந்து நிறுவனத்தின் பலகை நிற்கும். பலகை இல்லாத, வாகனம் போகச் சிரமமான, முகாம் பட்டியலில்கூட இன்னும் ஏறாத இடங்களில்தான் போன வாரம் வந்தவர்கள் இருப்பார்கள். புதிய குடும்பத்தைக் கண்டுபிடிக்க நான் படித்த வழி, பூலின் மேல் போட்டிருப்பதைப் பார்ப்பது. தறப்பாள் இருந்தால் யாரோ ஏற்கனவே உதவி செய்திருக்கிறார்கள். வெறும் குச்சியும் சேலைத் துணியும் என்றால் வந்து சில நாள்தான் ஆகிறது, அங்கேதான் நிற்க வேண்டும்.

இன்னொன்று, காணி யாருடையது என்று கேளுங்கள். பெரும்பாலான முகாம்கள் தனியார் காணி, உரிமையாளர் நினைத்தால் எழுப்பிவிடலாம். எழுத்தில் ஏதாவது உடன்பாடு இருக்கிறதா, எத்தனை வருடத்துக்கு? உடன்பாடு இல்லாத காணியில் கழிவறையும் தண்ணித் தொட்டியும் கட்டினால் காணியின் விலைதான் ஏறும், சனம் வெளியே நிற்கும். ஊருக்கு வெளியே பர்வாகோ என்ற இடத்தில் அரச காணியில் குடும்பங்களைக் குடியேற்றியிருக்கிறார்கள், அங்கே இந்தப் பயம் குறைவு.

முகாம் பொறுப்பாளர் என்று ஒருவர் வருவார். மொகடிஷுவில் இப்படிப்பட்டவர்களுக்குக் கறுப்புப் பூனை என்றே பட்டப்பெயர் உண்டு. இவர்களை ஒரே அடியாகக் கெட்டவர்கள் என்று நினைப்பது பிழை. யாருமே எட்டிப் பார்க்காத நாளில் காணிக்காரனிடம் பேசி இடம் வாங்கிக் கொடுத்தது இவர்கள்தான், கழிவறைக் குழி வெட்டவைத்ததும் அவர்கள்தான். ஆனால் கிடைக்கிற உதவியில் பங்கு கேட்பதும் உண்டு. 2023-இல் ஐநா நடத்திய உள் விசாரணை, சில குடும்பங்கள் கிடைத்த காசில் பாதிவரை செல்வாக்குள்ளவர்களுக்குக் கொடுக்கவேண்டியிருந்தது, கொடுக்காவிட்டால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவோம், காணியை விட்டு எழுப்புவோம் என்று மிரட்டப்பட்டார்கள் என்று சொன்னது. அந்த வருடம் ஐரோப்பிய ஒன்றியம் சோமாலியாவில் உலக உணவுத் திட்டத்துக்கான பணத்தைத் தற்காலிகமாக நிறுத்தியதும் இதனால்தான். பொறுப்பாளரைத் தாண்டிப் போக முடியாது, தாண்டினால் நீங்கள் போன பிறகு அடி விழுவது குடும்பங்களுக்கு. அவரைக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள், விதிகளை அவர் முன்னாலேயே எல்லாருக்கும் சொல்லுங்கள், பெயர் எழுதும் வேலையை மட்டும் அவரிடம் கொடுக்காதீர்கள்.

4. பதிவு செய்யும் ஆட்கள்

வெளிநாட்டு ஊழியராக உங்களை ஒரு முகாமில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கவிடமாட்டார்கள், சில நாள் அதுவும் இல்லை. அதனால் உங்கள் கண்ணும் காதும் உள்ளூர்ப் பதிவாளர்கள்தான். மூன்று விஷயம் பாருங்கள்.

அவர்கள் மாய் மொழி பேச வேண்டும். சோமாலி தெரியும் என்றால் போதாது, மொகடிஷுவின் சோமாலியும் பைடோவாப் பக்கத்து மாயும் வேறு வேறு, கிராமத்திலிருந்து வந்த ஒரு தாய்க்கு முன்னையது பாதிதான் விளங்கும். என் முதல் படிவத்தை மொகடிஷுவில் மொழிபெயர்த்துக் கொண்டுவந்தேன். பல தாய்மார் தலையாட்டினார்கள், பதிவாளர் "ஆம்" என்று அழுத்தினார். பிறகு சரிபார்க்கப் போனபோதுதான் கேள்வியே விளங்கவில்லை என்று தெரிந்தது.

பாதிப்பேராவது பெண்களாக இருக்க வேண்டும். எல்லாரும் ஒரே குலத்தவராக இருக்கக் கூடாது. ஆட்சேர்ப்பில் உறவினர், ஊர்க்காரர் என்று தானாகவே ஒரு பக்கம் சாய்ந்துவிடும், சாய்ந்தால் சிறுபான்மைக் குலத்தவரும் பாண்டு என்ற சிறுபான்மை இனத்தவரும் பட்டியலின் அடியில் நிற்பார்கள். படிவத்தில் குலம் கேட்காதீர்கள், வரிசையில் நிற்கும்போது அதைக் கேட்பது ஆபத்து. எந்தக் கிராமத்திலிருந்து வந்தீர்கள் என்று கேட்டால் போதும். எந்தக் கிராமத்துக்காரர் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள், பட்டியலில் எத்தனை பேர் என்று பின்னேரம் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பயிற்சிக்கு இரண்டு நாள், ஒரு நாள் முகாமிலேயே ஒத்திகை. இதைச் சுருக்காதீர்கள்.

5. பதிவு நாள்

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். பூல் பூலாகப் போய் எழுதுங்கள், ஓரிடத்தில் மேசை போட்டு வரச் சொல்லாதீர்கள். மேசைக்கு வருகிறவர்கள் நடக்கக்கூடியவர்கள், தகவல் கிடைத்தவர்கள், பொறுப்பாளருக்கு வேண்டியவர்கள். உள்ளே சுருண்டு கிடக்கிற கிழவி மேசைக்கு வரமாட்டார்.

ஆவணம். அடையாள அட்டை இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள். கிராமத்திலிருந்து கழுதை வண்டியிலும் நடந்தும் வந்தவர்களிடம் ஒரு கடதாசித் துண்டுகூட இருக்காது. சிலரிடம் உலக உணவுத் திட்டத்தின் கைரேகை பதிந்த அட்டை இருக்கலாம், இருந்தால் இலக்கத்தைக் குறியுங்கள். வேறு நிறுவனத்தின் காசு வருகிறதா என்றும் கேளுங்கள், வருகிறது என்று உண்மை சொன்னவரைத் தண்டிக்கிற மாதிரி நடக்காதீர்கள். அடுத்த முகாமுக்குச் செய்தி போய்விடும், பிறகு யாரும் உண்மை சொல்லமாட்டார்கள்.

பெயர். சோமாலியர்களுக்கு மூன்று பெயர், தன் பெயர், தந்தை பெயர், பாட்டன் பெயர். மூன்றையும் எழுதுங்கள், இரண்டோடு நிறுத்தினால் ஒரே முகாமில் பத்து ஹசன் முகமது வந்து நிற்பார்கள். பட்டப்பெயருக்கு ஒரு கட்டம் வையுங்கள், கூப்பிட்டால் திரும்புவது அதற்குத்தான். பெண்கள் கலியாணத்துக்குப் பிறகும் தங்கள் தந்தையின் பெயரோடுதான் இருப்பார்கள், கணவன் பெயரும் மனைவி பெயரும் பொருந்தவில்லை என்று தலைமையகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தால் பொறுமையாக விளக்குங்கள். எழுத்துக்கூட்டலிலும் ஒரு சிக்கல்: ஹசனைச் சோமாலி முறையில் எக்ஸ் எழுத்தில் தொடங்குவார்கள், ஆங்கில முறையில் எச். அலி சோமாலியில் சி-யில் தொடங்கும், ஆங்கிலத்தில் ஏ. இரண்டு பதிவாளர் இரண்டு விதமாக எழுதினால் ஒரே ஆள் இரண்டு தடவை பட்டியலில் வருவார், கணினிக்குத் தெரியாது. எந்த முறை என்று பயிற்சியிலேயே முடிவு செய்யுங்கள்.

குடும்பத் தலைவர் யார் என்று கேட்டால் கணவன் பெயரைச் சொல்வார்கள். அந்த ஆள் அநேகமாக அங்கே இருக்கமாட்டார், மிச்சமிருக்கிற இரண்டு மாட்டோடு கிராமத்தில் நிற்பார், அல்லது எங்கே என்றே தெரியாது. அவர் பெயரிலும் அவர் தொலைபேசியிலும் பதிந்தால் காசு சிக்னல் இல்லாத ஒரு தொலைபேசிக்குப் போய்ச் சேரும், தாயும் பிள்ளையும் பூலில் பட்டினி. அதனால் கேள்வியை மாற்றுங்கள்: இங்கே சமைக்கிறது யார், பிள்ளைகளோடு இருக்கிறது யார்? அவர்தான் காசு வாங்குகிறவர். ஒருவருக்கு இரண்டு மனைவி என்றால் இரண்டு அடுப்பு, இரண்டு குடும்பம், இரண்டு பதிவு.

வயதுக்குப் பிறந்த தேதி கிடையாது. 2011 பஞ்சத்துக்கு முன்னா பின்னா, எந்த நோன்பு மாதம், எந்த அறுவடை என்று கேட்டுக் கேட்டுத்தான் போட வேண்டும்.

பதிவாளர் பையில் கைச் சுற்றளவு அளக்கும் மூவண்ண நாடா கட்டாயம் இருக்கட்டும். ஆறு மாதத்துக்கு மேல் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் மேற்கையில் 11.5 சென்ரிமீற்றருக்குக் கீழே சிவப்பு வந்தால் படிவத்தை மூடிவையுங்கள். பட்டியலில் பெயர் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க அந்தப் பிள்ளைக்கு நேரமில்லை. அன்றே போஷாக்கு நிலையத்துக்கு அனுப்புங்கள், காய்ச்சல், வாந்தி, வீக்கம், சாப்பிட மறுப்பது என்று ஏதாவது இருந்தால் நேரே ஆஸ்பத்திரிக்கு. போக்குவரத்துக்குச் சின்னத் தொகை திட்டத்தில் ஒதுக்கியிருக்க வேண்டும், ஒதுக்காவிட்டால் இப்போதே திருத்துங்கள். 3 டொலர் இல்லாமல் தாய் போகாமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஒவ்வொரு பூலிலும் கடைசி வாக்கியம் ஒன்றுதான்: இந்தப் பதிவு இலவசம், இதற்காக யார் காசு கேட்டாலும், வேறு எதைக் கேட்டாலும், கொடுக்க வேண்டாம், இந்த இலக்கத்துக்குச் சொல்லுங்கள். பிலாஷ், பிலாஷ் என்று இரண்டு தடவை சொல்லுங்கள், இலவசம் என்று அர்த்தம்.

6. தொலைபேசி எண்: பாதிக் காசு தொலைகிற இடம்

எண் கேட்டால் எல்லாரும் ஒரு எண் சொல்வார்கள். அது யாருடைய எண்? அண்ணனுடையதாக இருக்கலாம், பக்கத்துப் பூல்காரியுடையதாக இருக்கலாம், பொறுப்பாளருடையதாகவும் இருக்கலாம். ஒரே எண் நான்கு குடும்பத்துக்கு வந்தால் அதைத் தனியாக எடுத்துப் பாருங்கள். அந்த இடத்திலேயே அந்த எண்ணுக்கு அழைப்பு எடுங்கள், யார் மடியில் அடிக்கிறது என்று தெரிந்துவிடும்.

தொலைபேசியே இல்லாதவர்களுக்கு சிம் கொடுக்க வேண்டும், முடிந்தால் சின்னத் தொலைபேசியும். இதை வரவுசெலவில் முதலே போடுங்கள், நான் போடாமல் விட்டு பிறகு தலைமையகத்திடம் ஒவ்வொன்றாகக் கெஞ்சவேண்டியிருந்தது. சிம்மை அவர் பெயரிலேயே பதிவித்து, இரகசிய இலக்கத்தை அவரே அழுத்தி வைக்கச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவர் பதிவாளரிடமே இலக்கத்தைச் சொல்லிவிடுவார், உதவி செய்கிறேன் என்று பதிவாளரும் எழுதி வைப்பார். இரண்டும் வேண்டாம். நான்கு எண்களைத் தானே அழுத்திப் பழகும்வரை பொறுத்திருங்கள், ஒருவருக்குப் பத்து நிமிடம் ஆகும், ஆகட்டும்.

பட்டியலை முடித்ததும் எண்களையும் பெயர்களையும் தொலைபேசி நிறுவனத்துக்கு அனுப்பி அவர்களிடம் பதிந்துள்ள பெயரோடு ஒப்பிடச் சொல்லுங்கள். பொருந்தாதது நிறைய வரும். எல்லாம் மோசடி இல்லை, பழைய சிம், தந்தையின் சிம், எழுத்துக்கூட்டல். ஒவ்வொன்றாகத் திரும்பப் போய்ப் பார்க்க ஒரு கிழமை ஒதுக்குங்கள்.

7. சரிபார்ப்பு

பதிவு செய்யாத வேறு இரண்டு பேரை அனுப்பி, பத்துக் குடும்பத்துக்கு ஒன்றாவது திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள். பெயர்ப் பட்டியலை மரத்தில் ஒட்டாதீர்கள். அல்ஷபாப் பகுதியிலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள், சிலருடைய சொந்தங்கள் இன்னும் அங்கே. பெயரும் ஊரும் எண்ணும் உள்ள கடதாசி பிழையான கையில் போனால் ஆபத்து அவர்களுக்கு. பெண்கள் குழுவை உட்காரவைத்து, யார் விடுபட்டுப்போனார்கள் என்று கேளுங்கள். யார் பொய்யாகச் சேர்ந்தார்கள் என்று கேட்டால் சண்டைதான் வரும். விடுபட்டவர்களைக் கேட்டால் மூன்று நிமிடத்தில் நாலு பெயர் வரும், கண் தெரியாத கிழவர், நேற்று இராத்திரி வந்த குடும்பம், கணவன் செத்துப்போய் யாரோடும் பேசாமல் இருக்கிற பெண்.

2009-இல் செட்டிகுளம் முகாமில் எங்கள் குடும்பத்தைப் பெரியப்பாவின் குடும்பத்தோடு சேர்த்து ஒரே அட்டையில் எழுதிவிட்டார்கள். அம்மா அதைப் பிரித்து வாங்க எத்தனை நாள் வரிசையில் நின்றார் என்று எனக்குத் தெரியும், ஏன் பிரித்துக் கேட்கிறாள் என்று யாராவது அவரை இருந்து கேட்டிருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும். அதனால் இந்தப் படியில் அவசரப்படுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

8. காசு அனுப்பும் நாள்

முதலில் இருபது பேருக்கு மட்டும் அனுப்பிப் பாருங்கள், கிடைத்ததா என்று அழைத்துக் கேளுங்கள், அடுத்த நாள் மற்றவர்களுக்கு. எந்த நாள் அனுப்புவீர்கள் என்று வெளியே அறிவிக்காதீர்கள். காசு வருகிற நாள் முன்னமே தெரிந்தால் பங்கு கேட்கிறவரும் அன்று வந்து நிற்பார். வெள்ளிக்கிழமை அனுப்பாதீர்கள், விடுமுறை, ஏதாவது பிழை நடந்தால் திருத்த ஆளில்லை. நோன்பு மாதம் வந்தால் அது தொடங்குமுன்னே அனுப்பிவிடுங்கள், அந்த மாதத்தில் சாமான் விலை ஏறும், உங்கள் ஊழியரின் வேலை நேரமும் குறையும்.

9. அனுப்பிய பிறகு

இரண்டு வாரத்துக்குள் ஒரு பகுதிக் குடும்பங்களை அழைத்துக் கேளுங்கள், எவ்வளவு கிடைத்தது, கையில் எவ்வளவு மிஞ்சியது? இரண்டாவது கேள்விதான் முக்கியம். முதலாவதை மட்டும் கேட்டால் எல்லாருக்கும் முழுத்தொகை கிடைத்தது என்று அறிக்கை எழுதிவிடுவீர்கள். இரண்டாவதைப் பெண் ஊழியர் கேட்கட்டும், பொறுப்பாளர் பக்கத்தில் இல்லாத நேரத்தில்.

முதல் மாதக் காசில் பெரும்பகுதி கடைக்காரனின் கடனுக்குப் போயிருக்கும். சில மேலதிகாரிகள் அதைத் தவறான செலவு என்று எழுதுவார்கள். தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள், அந்தக் கடனில்தான் அந்தக் குடும்பம் அதுவரை சாப்பிட்டது, கடன் அடைந்தால்தான் அடுத்த மாதம் கடையில் மாவும் எண்ணெயும் கடனுக்குக் கிடைக்கும்.

காசு பறிக்கப்பட்டது என்று தெரிந்தால் முறைப்பாட்டை உங்கள் நிறுவனத்துக்கு வெளியே, ஒருங்கிணைப்புக் குழுவுக்கும் சொல்லுங்கள், சொன்னவரின் பெயரை எங்கும் எழுதாமல். நிறுவனத்தின் நல்ல பெயருக்காக மூடிவைக்கச் சொல்லும் அழுத்தம் வரும், எனக்கும் வந்தது.

10. எத்தனை நாள் ஆகும், எப்போது தொடங்குவது

எல்லாம் சரியாகப் போனால் தொலைபேசி நிறுவன ஒப்பந்தம் தவிர்த்து ஆறு வாரம்: ஒருங்கிணைப்புக்கு ஒன்று, ஆட்சேர்ப்பும் பயிற்சியும் ஒன்று, பதிவு இரண்டு, எண் ஒப்பிடலும் சரிபார்ப்பும் ஒன்றரை, காசு அரை. சண்டை, மழை, விமானம் என்று இன்னும் மூன்று வாரம் கையிருப்பில் வையுங்கள்.

மழைக் காலம் இரண்டு. சோமாலியில் கூ என்பது ஏப்ரலிலிருந்து ஜூன், தேர் என்பது ஒக்டோபரிலிருந்து டிசம்பர். 2020 கடைசியிலிருந்து 2022 கடைசிவரை ஐந்து பருவம் தொடர்ந்து பொய்த்தபோதுதான் பைடோவாவுக்குச் சனம் அலையலையாக வந்தது. ஜனவரியிலிருந்து மார்ச்வரை வரும் ஜிலால் என்ற வறண்ட காலத்தில் ஆடுமாடு சாகும், குடும்பங்கள் புறப்படும். அந்த மாதங்களில் காசு சேர வேண்டுமென்றால் பதிவு நவம்பரில் முடிந்திருக்க வேண்டும், அதற்கு ஒப்பந்தம் செப்டம்பரில். மழை பொய்த்தது உறுதியான பிறகு திட்டம் எழுதத் தொடங்கினால் காசு போய்ச் சேரும்போது கிராமம் காலியாகியிருக்கும்.

மழை பெய்தாலும் வேலை நின்றுவிடாது. 2023 நவம்பரில் அதே மண்ணில் வெள்ளம் வந்து பூல்களை அடித்துக்கொண்டு போனது. தறப்பாளும் கொலராவுக்கான மருந்தும் எப்போதும் கையிருப்பில் இருக்கிறதா என்று பக்கத்து நிறுவனங்களிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, மொத்தக் குடும்ப எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்கை நிரப்பாமல் வையுங்கள். 2025-இல் அமெரிக்க உதவி வெட்டப்பட்ட பிறகு இருக்கிற இடத்தை உடனே நிரப்பச் சொல்லும் நெருக்கடி அதிகம், அதனால் முன்மொழிவிலேயே "பதிவுக்குப் பின் வருவோர்" என்று ஒரு வரி எழுதி அனுமதி வாங்கிவிடுங்கள். பதிவு முடித்து வாகனத்தில் ஏறும்போது வீதியில் ஒரு கழுதை வண்டி வரும், மேலே பாயும் ஒரு மஞ்சள் தண்ணிக் கலனும் இரண்டு பிள்ளைகளும். இறங்கி அவர்களையும் எழுதுங்கள்.